சிவப்பு ராடும் சாணைத் தூசும்

டிக் வெல்டிங் பட்டறைகளில் சிவப்பு முனை டங்ஸ்டன் ராடுக்கு இன்னமும் தனி மவுசு உண்டு. இரண்டு விழுக்காடு தோரியம் ஆக்சைடு கலந்த ராடு அது. இந்த மவுசு வெறும் பழக்கத்தால் வந்ததல்ல. டங்ஸ்டன் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனாலும் கலப்பில்லாத ராடின் முனை அதிகக் கரண்டில் உருண்டுவிடும், ஆர்க் அலைபாயும். தோரியம் சேர்ந்தால் எலக்ட்ரான்கள் எளிதாக வெளியேறும். ஆர்க் சட்டெனப் பிடிக்கும், முனையும் நெடுநேரம் மழுங்காது. ஸ்டெயின்லெஸ் குழாயில் ரூட் பாஸ் போடும் வெல்டர் இதை விடத் தயங்குவது நியாயம்தான்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருக்கும் அதே தோரியம்தான் இதுவும். அதன் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு என்று சொல்லி மிரட்டுவோர் உண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால்தான் ராடின் கதிர்வீச்சு குறைவாக இருக்கிறது; அதன் ஆல்ஃபா கதிரைத் தோலே தடுத்துவிடும். ராடைக் கையில் பிடிப்பதால் பெரிய கேடில்லை. வம்பு முனை சீவும்போதுதான் தொடங்குகிறது. தூசாக மூச்சில் போய் நுரையீரலில் தங்கிவிட்டால், அங்கே கதிரைத் தடுக்கத் தோல் இல்லை.

பெரும்பாலான பட்டறைகளில் சீவுவது பொது பெஞ்ச் கிரைண்டரில். இரும்பும் உளியும் தீட்டிய அதே வீல். அதிலுள்ள இரும்புத் துகள் ராடின் முனையில் ஒட்டி ஆர்க்கைக் கெடுக்கிறது. அவசரத்தில் ராடைக் குறுக்காகப் பிடித்தால் கீறல்கள் வளையம் வளையமாக விழும். ஆர்க் தடுமாறும், முனை உதிர்ந்து உருகிய உலோகத்தில் விழவும் கூடும். எக்ஸ்ரே ஃபிலிமில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வேலை திரும்பி வரும். அனுபவசாலிகள் கீறல் நீளவாக்கில் விழும்படியே சீவுவார்கள். கூர்ப்பகுதி ராடின் விட்டத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு நீளம் இருக்கும். இந்தக் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போன முனையைச் சுத்தியலால் தட்டி ஒடிப்பதுதான் தவறு. டங்ஸ்டன் குளிர்ந்த நிலையில் நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் நீளவாக்கில் உள்ளே ஓடிவிடும். வைர டிஸ்க்கில் வெட்டுவதே சரி.

லாந்தனம் கலந்த நீல ராடு கதிர்வீச்சுத் தொல்லை இல்லாதது. இன்வெர்ட்டர் மெஷினில் ஏசி, டிசி இரண்டுக்கும் ஒத்துப்போகும். சிவப்பையே பிடித்துக்கொண்டிருக்க வலுவான காரணம் இனி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நீலத்துக்கு மாறியதும் கிரைண்டர் மூலையை மறந்துவிடுகிறார்கள். டங்ஸ்டன் தூசும் வீல் தூசும் அப்போதும் பறக்கத்தான் செய்கின்றன. மூடிய வைர வீல் கிரைண்டர் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மை. டங்ஸ்டனுக்கென்று தனி வீலும், அதன் வாயருகே தூசு உறிஞ்சும் குழாயும் கட்டுப்படியாகும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசைத் தடுக்காது. சாயங்காலம் கம்ப்ரசர் காற்றால் மேசையை ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கமோ, அடங்கிய தூசையும் எழுப்பி எல்லார் மூக்குக்கும் அனுப்புகிறது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த ஐந்து நிமிடம் போதும்.