புகையாய் மறைந்து முதுகுப்பக்கம்

2005இல் ஜப்பானில் மட்டும் வெளியானது ‘நருடோ: கெகிட்டோ நிஞ்ஜா தைசென் 4’ என்ற சண்டை வீடியோ கேம். அதன் சின்ன வட்டைப் பழைய கேம்கியூப் கன்சோலில் போட்டால் முதலில் மகிழ்வது விரல்கள்தான். கன்ட்ரோலரின் வலப்பக்கம் பெரிய பச்சை ‘ஏ’ பொத்தான். அதை அணைத்தபடி அவரை விதை போல வளைந்த எக்ஸும் ஒய்யும். கட்டைவிரல் பார்க்காமலே வழி கண்டுகொள்ளும். ஸ்டிக்கைச் சுற்றி எட்டு மூலை. எந்தப் பக்கம் தள்ளினாலும் ‘டக்’கென்று உட்காரும். மேலே இருக்கும் தோள்பொத்தான் மெத்தென்று இறங்கி, அடியில் ஒரு சொடுக்குப் போடும்.

ஆட்டத்தின் உயிர் அந்தத் தோள்பொத்தானில்தான். அடி விழும் கணத்தில் அழுத்தினால் நம் ஆள் புகையாய் மறைந்து எதிராளியின் முதுகுப்பக்கம் நிற்பான். அதற்குச் ‘சக்ரா’ என்னும் ஆற்றல் செலவாகும். பதறி அழுத்துகிறவனுக்கு உண்மையான ஆபத்து வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது. எதிராளிக்கும் இதே வித்தை உண்டு என்பதால், நன்றாக ஆடுபவர்கள் அடிப்பதைவிட அதிகம் காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையைப் பார்ப்பதே ஓர் இன்பம். மெனுவின் ஜப்பானிய எழுத்து புரியாவிட்டாலும் சண்டை புரிந்துவிடும். தனியாக ஆடாதீர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு ஆடுங்கள்.