பச்சைப் பாம்பும் கொச்சைக் கருத்தும்

கையிலே பாம்பு! கழுத்திலே பாம்பு! முதுகெங்கும் நெளியும் மூர்க்கப் பாம்பு! வயல் வரப்பிலே பாம்பைக் கண்டால் பத்தடி தள்ளி ஓடுகிற மனிதன், அதே பாம்பைப் பணங்கொடுத்துத் தன் தோலிலே பச்சை குத்திக்கொள்கிறான். ஏனென்று கேளுங்கள். "இது ஆற்றலின் சின்னம்" என்பான் ஒருவன். "புதுப்பிறவியின் அடையாளம்" என்பான் மற்றொருவன். "இதைக் குத்தினால் நாகதோஷம் அண்டாதாம்" என்பான் இன்னொருவன். ஒரே பாம்பு, ஓராயிரம் பொருள்! இப்பொருளெல்லாம் பாம்பிலே இருக்கிறதா, பார்ப்பவன் நெஞ்சிலே இருக்கிறதா? சற்றே ஆராய்வோம், தோழர்களே!

பச்சை குத்தும் பழக்கம் நேற்று முளைத்ததன்று. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ஆம் ஆண்டு ஒருவனது உடல் கிடைத்தது. அவன் வாழ்ந்தது சுமார் 5,300 ஆண்டுகட்கு முன். அவன் மேனியிலே 61 பச்சைக் குறிகள். அத்தனையும் வெறுங்கோடுகள், குறுக்குக் கோடுகள்! பல குறிகள், தேய்ந்துபோன மூட்டுகளின் அருகே அமைந்திருப்பதால், வலி தீர்க்கும் வைத்தியமாக அவை இருந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். அங்கே பாம்பும் இல்லை, பரலோகமும் இல்லை.

பெரு நாட்டுக் கடற்கரையில், எல் புரூகோ என்னுமிடத்தில், 2006ஆம் ஆண்டு வேறோர் உடல் வெளிப்பட்டது. மோச்சே மக்களின் தலைவியென மதிக்கத்தக்க இளம்பெண். இன்று 'காவோ பெருமாட்டி' என அழைக்கப்படுகிறாள். அவள் கைகளிலே பாம்புகளும் சிலந்திகளும் பச்சை குத்தப்பட்டிருந்தன. பொன்னும் செம்பும் சூழ, போர்க் கருவிகள் புடைசூழப் புதைக்கப்பட்டிருந்தாள். அங்கே பாம்பு பெண்ணின் ஆட்சிக்கு அணி! ஆயினும் அந்தப் பாம்புகள் அவளைக் காத்தனவா? இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே மறைந்தாள். பிள்ளைப்பேற்றுத் துன்பமே காரணமாகலாம் என்று கருதுகின்றனர்.

மற்றொரு பக்கம் பாருங்கள். ஏதேன் தோட்டத்துக் கதையிலே பாம்பு வஞ்சகத்தின் வடிவம். அதன் சொல் கேட்ட பெண்ணோ பாவத்தின் வாயில்! கிரேக்கரிடம் சென்றால், அதே பாம்பு மருத்துவக் கடவுள் அஸ்கிளேப்பியசின் கோலைச் சுற்றி நலம் தருகிறது. அவன் கோலில் ஒரு பாம்பு. வணிகர்க்கும் கள்வர்க்கும் காவலனான எர்மசின் கோலிலோ இரண்டு. அமெரிக்கப் படையின் மருத்துவப் பிரிவு 1902ஆம் ஆண்டு இரட்டைப் பாம்புக் கோலையே தன் சின்னமாக்கிக்கொண்டது! இன்று மருத்துவத்தின் பெருமை பேசி அந்தக் கோலைத் தோலிலே ஏற்றுபவர், தாம் சுமப்பது வணிகனின் கோல் என்பதை அறிவாரா?

அதே அமெரிக்காவில் 1754ஆம் ஆண்டு, பெஞ்சமின் பிராங்க்ளின் துண்டு துண்டாய் வெட்டுண்ட பாம்பைப் படமாக்கி, குடியேற்ற நாடுகளை ஒன்றுபடச் சொன்னார். 1775இல் கிலுகிலுப்பைப் பாம்பு விடுதலைக் கொடியிலே ஏறிற்று. பாவமாய் இருந்த பாம்பு, பாராளும் உரிமையின் பாம்பாயிற்று! பாம்பா மாறியது? இல்லை, மக்களின் தேவை மாறியது. தேவை மாறியதும் பொருளும் மாறியது.

நம் நாட்டுக்கு வருவோம். குறத்தியர் ஊர்தோறும் வந்து ஊசியால் குத்திய கோலமும் தேளும் நம் பாட்டிமார் கைகளிலே அழகாய் இருந்தன. அதிலே நமக்குக் குறையில்லை. ஆனால் பிள்ளை இல்லாத பெண்ணைப் பார்த்து, "நாகம் சபித்தது" என்கிறார்களே, அங்கேதான் நம் நெஞ்சு கொதிக்கிறது! குறை கணவனிடமும் இருக்கலாம் என்கிறது மருத்துவம். ஆயினும் அரசமரத்தடி நாகக்கல்லைச் சுற்றுபவள் அவள்; புற்றிலே பால் ஊற்றுபவள் அவள்; ஊராரின் ஏச்சைத் தாங்குபவளும் அவளே. ஊற்றும் பாலோ பாம்புக்கு உணவன்று. அது எலியும் தவளையும் தின்னும் உயிர்.

"பாம்பு சட்டை உரிப்பதுபோல் நானும் புதியவனாவேன்" என்று பச்சை குத்துகிறான் இளைஞன். உரிவது மேல்தோல், மையோ அதன்கீழ் உள்தோலிலே தங்குகிறது. உரியாத இடத்திலே எழுதிவிட்டு உரிதலைப் பாடுவது வேடிக்கையல்லவா? தூய்மையற்ற ஊசியோ கல்லீரல் அழற்சியையும் கொண்டுவரும்.

உண்மைப் பாம்பை மறந்துவிடலாமா? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 லட்சம் பேர் என 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். மந்திரமும் வேண்டுதலும் மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. காப்பது எது? நச்சுமுறி மருந்து. அதற்கு நஞ்சு எடுத்துத் தருவோர் யார்? சென்னையை அடுத்து 1978இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள்! பாம்பை வணங்கச் சொன்ன வேதியர்க்கு வரிசை. பாம்பை அறிந்து உயிர் காக்கும் உழைப்பாளிக்கு ஒதுக்குப்புறக் குடிசை. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

ஆகவே இளைஞர்களே, உம் உடல் உம்முடையது. அழகென்று தோன்றினால் பாம்பைத் தீட்டிக்கொள்ளுங்கள்; தடுக்க நாம் யார்? ஆனால் அதற்குப் பொருள் தருபவர் நீங்களே என்பதை மறவாதீர். தோலிலே தீட்டிய பாம்பு யாரையும் கடிக்காது. மூளையிலே தீட்டிய பாம்போ, குற்றமற்ற பெண்ணொருத்தியை நாள்தோறும் கடிக்கிறது. அதை முதலில் அழிப்போம்!