ஆறு, ஏழு, எட்டு

சுற்றுலா நிறுவனம் அச்சடித்துத் தரும் பயணத் திட்டத்தில் படங்களைப் பார்க்கக் கூடாது, வினைச்சொற்களைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டே முக்கால் லட்சம் கட்டிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. ‘விசிட்’ என்று போட்டிருந்தால் உள்ளே போகலாம். ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கலாம், வாசலோடு சரி. ‘பனோரமிக் டூர்’ என்று வந்தால் இருக்கையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். ரோமின் கொலோசியம் எங்களுக்கு போட்டோ ஸ்டாப். பாரிஸின் நாத்ர தாம் பனோரமிக். அது வலப்பக்கம் வந்தபோது நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால், எனக்குக் கிடைத்தது நாசிக்கிலிருந்து வந்திருந்த ஒருவரின் வழுக்கை.

மும்பை செம்பூரிலிருந்து நான்கு பேர் போனோம்: நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், எழுபத்திரண்டு வயது அம்மா. மே மாத விடுமுறை, பதினான்கு நாள், ஏழு நாடு. ஏழில் வாடிகனும் ஒன்று, லீக்டென்ஸ்டைனும் ஒன்று. வாடூஸ் நகரில் ஒரு மணி நேரம் நின்று, காசு கொடுத்து பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை குத்திக்கொண்டால் ஒரு நாடு கணக்கில் ஏறிவிடுகிறது. நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பி வந்ததும் எங்கள் கட்டட லிப்டில் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாடு?” என்பதுதான்.

இந்தப் பஸ் பயணத்தைக் கேலி செய்வது சுலபம். முதுகுப்பையோடு தனியாகச் சுற்றும் என் அலுவலக இளைஞர்கள் ஆட்டுமந்தை என்கிறார்கள். ஆனால் பம்பாய்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டு நாளில் எட்டுப் பிள்ளையாரைக் காட்டும் அஷ்டவிநாயக் பஸ், ஷிர்டியையும் சனி சிங்கணாப்பூரையும் ஒரே மூச்சில் முடிக்கும் பஸ், ஊருக்குப் போனால் நவக்கிரகம், அறுபடை வீடு. பட்டியல், விடியற்காலை எழுப்புதல், சேர்ந்து சாப்பிடுதல், சேர்ந்து பாடுதல் எல்லாம் அங்கேயே பழகிவிட்டன. டூர் மேனேஜர் முதல் நாள் இரவு ஒலிபெருக்கியில் “நாளைக்கு ஆறு, ஏழு, எட்டு” என்றபோது (ஆறுக்கு எழுப்பும் மணி, ஏழுக்குச் சிற்றுண்டி, எட்டுக்கு பஸ்) அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் யாத்திரையின் அவசரத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. திருப்பதியில் ஆறு மணி நேரம் நின்று, “ஜருகண்டி” என்று தள்ளப்படுவதற்குள் அரை வினாடி பார்க்கிறோம். அது போதும் என்று நிறைவோடு வெளியே வருகிறோம். நாம் பார்ப்பது மட்டும் தரிசனம் இல்லையே, அவன் நம்மைப் பார்த்துவிட்டான் என்பதுதானே தரிசனம். ஐரோப்பாவில் அந்த இரண்டாவது பாதி கிடையாது. லூவர் அருங்காட்சியகத்தில் 77 செ.மீ. உயரமுள்ள மோனா லிசாவுக்கு எதிரே அதே போன்ற வரிசை, அதே போன்ற தள்ளல். எந்தப் பக்கம் நின்றாலும் அவள் நம்மைப் பார்ப்பாள் என்பார்கள். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நடுவில் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள். கோயிலில் குறையாகாத வேகம் இங்கே குறையாகிவிடுகிறது. யாத்திரையின் சட்டகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய், தெய்வம் இல்லாத இடத்தில் இறக்கி வைத்திருக்கிறோம். என் முதல் குற்றச்சாட்டு இதுதான், மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இந்தியாவில் இந்தக் குழுச் சுற்றுலாத் தொழிலின் தலைநகரம் மும்பை. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக, சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போனதில் இந்தத் தொழில் தொடங்குகிறது. நாற்பது வருடம் கழித்து, 1881இல், அவருடைய நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தது. 1949இல் எஸ்ஓடிசி, 1984இல் கேசரி பாட்டீலின் கேசரி டூர்ஸ், 2013இல் அவர் மகள் வீணா பாட்டீலின் வீணா வேர்ல்ட், எல்லாம் இந்த ஊர்தான். விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம்கூட 2001இல் இங்கே, சுற்றுலாத் தொழிலின் மடியிலிருந்து பிறந்ததுதான். மராத்தியருக்கு ‘பிரமண் மண்டல்’, குஜராத்தியருக்கு ‘குர்ஜர் விஷ்வதர்ஷன்’ என்று எஸ்ஓடிசி மொழிவாரியாகவே பஸ் விட்டது. மாட்டுங்காவும் செம்பூரும் தாராவியும் இத்தனை தமிழரை வைத்திருந்தும் நமக்கென்று அப்படி ஒன்று அமையவில்லை. பொது பஸ்ஸில் ஏறுகிறோம், இந்திப் பாட்டில் அந்தாக்ஷரி விளையாடுகிறோம், தயிர்சாதம் கேட்கும் ‘சவுத் இண்டியன் ஃபேமிலி’ ஆகிறோம்.

இனி நிறைகள். பெரிய நிறை என் அம்மாதான்.

ஏ.கே. செட்டியார் முதல் சோமலெ, மணியன் வரை தமிழில் உலகம் சுற்றி எழுதிய வரிசையைப் பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வழியனுப்ப வந்தவர்கள். அந்தப் பெண்களை விமானத்தில் ஏற்றியது இலக்கியம் அல்ல, இந்தப் பஸ்தான். மொழி தெரியாது, காசு மாற்றத் தெரியாது, முழங்கால் வலி, வெங்காயம் பூண்டு இல்லாத நாள்கள் வேறு. இத்தனை பயத்தையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தால் போதும் என்பது சின்ன விஷயமில்லை. பெண்கள் மட்டும், மூத்தோர் மட்டும் என்று மும்பை நிறுவனங்கள் தனிக் குழுக்களே நடத்துகின்றன. கணவரை இழந்தவர்கள், மகன் வரமாட்டேன் என்றவர்கள் அவற்றில் போகிறார்கள். அம்மா டிட்லிஸ் மலையில், சுழலும் ரோட்டேர் இழுவைப் பெட்டியில் (1992இல் வந்தது, உலகில் இவ்வகையில் முதல்) ஏறி, மூவாயிரம் மீட்டர் உயரத்தில் புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக இறங்கினாள். அங்கே ஷாருக்கானும் கஜோலும் அட்டையில் நிற்கிறார்கள். மும்பை மராத்தா மந்திர் திரையரங்கில் ஆயிரம் வாரம் தாண்டி ஓடிய படத்தின் ஜோடி. அம்மா அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பனியை ஒரு பிடி எடுத்து, கல்லுப்பைப் பார்ப்பதுபோல் பார்த்து, கீழே போட்டுவிட்டு, “பதினோரு நாளா அடுப்பைத் தொடலைடா” என்றாள். ஆல்ப்ஸைப் பற்றி அவள் சொன்ன ஒரே விமரிசனம் அதுதான்.

பலரும் திட்டும் இன்னொன்றில் எனக்கு மதிப்பே கூடியது. ஐரோப்பியச் சட்டப்படி பஸ் ஓட்டுநர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. இரவில் பொதுவாக 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு. வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் என்ற கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். மகாராஷ்டிர நெடுஞ்சாலைகளில் இரவு பஸ்களை ஓட்டுபவர்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த நல்ல சட்டத்தின் செலவைப் பயணி மாலைப்பொழுதால் கட்டுகிறார். மே மாதக் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரையும் தாண்டும். நாங்களோ ஆறரைக்கே இந்திய உணவகத்தில் பனீர் சாப்பிட்டு, எட்டுக்கு நகரத்துக்கு வெளியே கிடங்குகளுக்கு நடுவில் இருந்த ஓட்டலில் அடைபட்டோம். ஊர் அழகாகும் நேரம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே லாரிகள் தெரிந்தன. நகருக்குள் ஓட்டல் என்றால் விலை ஏறும். விலை ஏறினால் நாடு குறையும். நாடு குறைந்தால் லிப்டில் பதில் சொல்ல முடியாது.

கடைகளைப் பற்றி நீட்ட வேண்டாம். குயில் கடிகாரக் கடைக்கு 45 நிமிடம், தேவாலயத்துக்குப் பதினைந்து என்று ஒரு நாள் அமைந்தால், கமிஷன் யாருக்கு என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம். முன்பணத்தின் ஆபத்து அதைவிடப் பெரியது: 1758 முதல் தன் வரலாற்றைக் கணக்கிட்ட காக்ஸ் அண்ட் கிங்ஸ் சுற்றுலா நிறுவனம் 2019இல் விழுந்தபோது, பழம்பெருமை யாருடைய பணத்துக்கும் காப்பாகவில்லை. அந்த ஊர்களும் நம்மை விரும்பி அழைப்பதாகச் சொல்ல முடியாது. வெனிஸ் 2024இல் 25 பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கும் வழிகாட்டிகளின் ஒலிபெருக்கிக்கும் தடை போட்டது. ஆம்ஸ்டர்டாம் அதே ஆண்டு ஏழரை டன்னுக்கு மேற்பட்ட பஸ்களை நகர மையத்துக்கு வெளியே நிறுத்தியது. அவர்கள் ஊரில் தூங்காமல், அவர்கள் சோற்றைச் சாப்பிடாமல், அவர்கள் பாலத்தை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை யார்தான் வரவேற்பார்?

என்றாலும் என்னை உண்மையில் உறுத்தியது ஃபுளோரன்ஸ். எங்கள் பஸ்ஸில் தாராவிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம், அப்பா காலத்தில் தோல் பதனிட வந்த குடும்பம், இப்போது பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறை. நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். சான்டா குரோச்சே சதுக்கத்தில் அரை மணி கொடுத்தபோது கூட்டம் ஐஸ்கிரீமுக்குப் போனது. அண்ணாச்சி என்னை இழுத்துக்கொண்டு தேவாலயத்தின் பின்புறம் போனார். அங்கே ஒரு தோல் பள்ளி இருக்கிறது. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தொழில் கற்பதற்காக, 1950இல் பிரான்சிஸ்கன் துறவிகளும் உள்ளூர்த் தோல் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கியது. அண்ணாச்சி ஒரு பையைத் தூக்கி முகப்பைப் பார்க்கவே இல்லை. ஓரத்தை மடக்கி, நகத்தால் வருடி, உள்தையலைத் திருப்பிப் பார்த்தார். “பாத்தீயளா சார், ஓரத்துக்கு மூணு நாலு தடவ பூசித் தேச்சிருக்கான். நம்மகிட்ட ஒரு தடவ பூசுதோம், விலை அவ்வளவுதான் குடுக்கான்.” மேசையில் குத்தூசியோடு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அண்ணாச்சி தன் கட்டைவிரலின் காய்ப்பைக் காட்டினார். அவர் தன்னுடையதைக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அவர் ஒரு துண்டுத் தோலை நீட்டி, தைத்துக் காட்டும்படி சைகை செய்தபோது என் கைப்பேசி அடித்தது: டூர் மேனேஜர். நாற்பத்திரண்டு பேர் பஸ்ஸில், நாங்கள் இரண்டு பேர் பாக்கி.

டூர் மேனேஜரான அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. நகருக்குள் வந்துபோக பஸ்ஸுக்கு நேரக் கெடு. ஓட்டுநருக்கு அவர் கெடு. குறை திட்டத்தினுடையது. நாற்பத்துநான்கு பேரும் ஒரே மாதிரிப் பார்ப்பார்கள் என்ற அடிப்படையில்தான் அது நிற்கிறது. பார்க்கத் தெரிந்த ஒருவருக்கும் பார்க்க விருப்பமில்லாத நாற்பது பேருக்கும் அதே அரை மணி. பயத்தை எடுத்துக்கொள்ளும்போது தேர்வையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு அது நல்ல பேரம். அண்ணாச்சிக்கு நஷ்டம்.

திரும்பிப் பார்க்கும் கண்கள் அங்கே இல்லை என்று மேலே எழுதினேன். ஒரு முறை இருந்தது. சுவிட்சர்லாந்தில் ஓட்டல் சமையலறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, நேராக அம்மாவிடம் வந்து, “அம்மா, நீங்கள் எவடம்?” என்றார். பம்பாய் என்றாள். “அது சரி, ஊர் எவடம்?” பாளையங்கோட்டை. அவர் யாழ்ப்பாணம், இருபத்தோரு வயதில் வந்தவர், இப்போது தலை நரைத்துவிட்டது. “சாப்பாடு காணுமோ?” என்று கேட்டார். காணுமோ என்றால் போதுமா என்று பொருள் என்பதை அம்மா எப்படியோ புரிந்துகொண்டாள். பிறகு சொதிச் சண்டை. எங்கள் ஊர்ச் சொதி பாசிப்பருப்பும் காய்கறியுமாகக் கல்யாண மறுவீட்டுக்கு வைப்பது. அவர்களுடையது இடியப்பத்துக்கு ஊற்றும் தண்ணீர்ப் பதம். தேங்காய்ப்பால் மட்டும் பொது. இரண்டில் எது சொதி என்று முடிவாகவில்லை. பயணத் திட்டத்தில் அன்று மாலைக்கு எதிரே ‘ஓய்வு’ என்று மட்டும் போட்டிருந்ததால்தான் இது நடந்தது. எதுவும் போடாத இன்னும் நான்கு மாலைகள் இருந்திருந்தால் இந்தப் பயணத்தின் மதிப்பு எனக்கு இரட்டிப்பாகியிருக்கும். பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் ஒரு தெருவே தமிழில் பேசுகிறது, மாணிக்க விநாயகருக்குக் கோயில் இருக்கிறது. எங்கள் பஸ் அந்தத் திசைக்கே திரும்பவில்லை.

அடுத்த முறை இரண்டு நாடு போதும், அதே பஸ்ஸானாலும் சரி என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். மும்பை நிறுவனங்கள் அதையும் விற்கின்றன. அம்மா ஸ்காண்டிநேவியா கேட்கிறாள்.

மழை தொடங்கிய பிறகு அண்ணாச்சியைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். அங்கேயும் குழுச் சுற்றுலா உண்டு. 2006 முதல் ரியாலிட்டி டூர்ஸ் என்ற நிறுவனம் வெளிநாட்டினரைச் சின்னச் சின்னக் குழுக்களாக அந்தச் சந்துகளில் நடத்திக் கூட்டிப்போகிறது. படம் எடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. “நம்மளப் படம் எடுக்கப்பிடாதுன்னு அவியளுக்குச் சட்டம். நாம அங்க எடுத்ததுக்குக் கணக்கு உண்டா?” என்று அண்ணாச்சி சிரித்தார். போன வாரம் அப்படி ஒரு குழு வந்ததாம். அதில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பட்டறை வாசலில் ஒரு பையை எடுத்து, முகப்பைப் பார்க்காமல், ஓரத்தை மடக்கி உள்தையலைத் திருப்பிப் பார்த்தாளாம். அண்ணாச்சி பையனை டீக்கு ஓட்டியிருக்கிறார். அவன் வருவதற்குள் வழிகாட்டி மணியைப் பார்த்துவிட்டார்; குழு நைன்டி ஃபீட் ரோட்டை எட்டிவிட்டது. கட்டிங் டீயை அண்ணாச்சியே குடித்தாராம்.