பிரஷரை இறக்கும் அவசரம்

இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அண்டை வீட்டுக்காரர், மண்ணூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர், இடக்கால் செருப்பு கழன்றதும் தெரியாமல் சாய்ந்தார், வாய் கோணிற்று. அருகிலிருந்த கிளினிக்கில் கருவியைக் கட்டிப் பார்த்து 200/110 என்றதும், "பிரஷர் ஏறித்தான் இழுத்துக்கிச்சு, முதல்ல அதை இறக்கணும்" என்று மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைத்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்படிப் படுவதற்கு ஆதாரமும் உண்டு. நாட்பட்ட இரத்த அழுத்தமே பக்கவாதத்துக்குப் பிரதான காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுப்படி ஏறி மாத்திரை கொடுப்பது அந்த அபாயத்தைத் தடுக்கவே. ஆயினும், வருமுன் காத்த மருந்து வந்த கணத்திலும் காக்கும் என்பது வெறும் அனுமானம்.

அழுத்தம் ஏறினால் சுருங்கியும் இறங்கினால் விரிந்தும், மூளைக்கு வரும் இரத்தோட்டத்தை 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி என்ற அளவில் நிலைநிறுத்துவது மூளைத் தமனிகளின் சுபாவம். இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கப்பாலுள்ள குழாய்கள் விரியக்கூடிய மட்டும் விரிந்துவிட்டபடியால், ஓட்டம் அழுத்தத்தின் தயவிலேயே நடக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர் தாழ்ந்தால் முதலில் வறள்வது ஊர்க்கோடிக் குழாயல்லவா? 20 மில்லிக்குக் கீழே உயிரணுக்கள் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். 10க்குக் கீழே அதுவும் போகும். இந்த ஊசலாடும் பிரதேசத்துக்காகவே, கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவர்க்கு 220/120 தாண்டும்வரை அழுத்தத்தில் கைவைக்க வேண்டாமென்றும், ஊசி போடுவதற்கு முன் 185/110க்குக் கீழே கொணர வேண்டுமென்றும் வைத்தியர்கள் விதி வகுத்தார்கள்.

இரத்தக் கசிவினால் வந்த பக்கவாதத்திலோ நியாயம் தலைகீழ். சீனாவில் ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட, 2,404 பேர் அடங்கிய ஆய்வில், கசிவுக்காரர் பலனடைந்தனர். அடைப்புக்காரருக்குக் கேடே விளைந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும்.

நிதானத்தின் பக்கம் நிற்பவர்களும் தங்கள் பிரமாணத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மூளை தன் ஓட்டத்தைக் காத்துக்கொள்ளும் எல்லைகளைக் காட்ட 1959இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் வரைந்த புகழ்பெற்ற கோடு, வெவ்வேறு மனிதரிடம் எடுத்த அளவுகளை இணைத்ததேயன்றி ஒருவருடைய மூளையின் சரித்திரமன்று. பல்லாண்டு பிரஷர்க்காரருக்கு அந்த எல்லைகளே மேலேறி நிற்கும். தவிர, அடைப்பு வந்த 48 மணி நேரத்துக்குள் படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டின் சீன ஆய்வில், நாலாயிரத்துச் சொச்சம் பேரிடம் நன்மையும் காணோம், தீமையும் காணோம். ஆகவே 220 என்பது வேதவாக்கன்று. நாக்கடி மாத்திரையின் குற்றமோ வேறு: எவ்வளவு இறங்கும், எவ்வளவு வேகமாய் இறங்கும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை.

அன்று எத்தனை மணிக்கு விழுந்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 108ஐ நானும் அழைக்கவில்லை. பிரஷர் இறங்கட்டும் என்று அரைமணி உட்கார்ந்திருந்தோம். மாத்திரைதான் காரணமென்று சாதிக்க மாட்டேன். மூன்றாம் முறை 140 என்றபோது எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். அதுவரை என் விரலைப் பற்றியிருந்த அவர் இடக்கையில் பிடி இல்லை.