கழற்றி மாட்டும் வைத்தியம்

வாரத்துக்கு இரண்டு முறை டேட்டாபேஸ் அரை நிமிடம் உறைந்து, தானே மீள்கிறது. சர்வரையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் சான் நெட்வொர்க்கில் எங்கோ ஒரு ஃப்ரேம் தொலைந்திருக்கிறது. ஃபைபர் சேனல் அதை மறுபடி அனுப்பாது. லினக்ஸ் சர்வர் வழக்கமான 30 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் கட்டளையைத் திரும்பக் கொடுக்கும். இதற்குப் பல டேட்டா சென்டர்களில் முதல் மருந்து, சந்தேகப்படும் போர்ட்டில் செருகியிருக்கும் எஸ்எஃப்பி என்ற லேசர் கருவியையும் கேபிளையும் மாற்றுவது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபைபர் முனையின் தூசியும் வலுவிழந்த லேசரும் அடிக்கடி காரணமாகின்றன. மல்டிபாத் எனும் மாற்றுப் பாதை இருந்தால் சர்வரை நிறுத்தவும் வேண்டாம்.

ஆனால் மாற்றுகிற செயலே தடயத்தை அழித்துவிடுகிறது. எதிர்முனை கொடுத்த கிரெடிட் அளவுக்குத்தான் ஒரு போர்ட் ஃப்ரேம் அனுப்ப முடியும். ஃப்ரேமை வாங்கிவைத்த இடம் காலியானதும் எதிர்முனை ‘ஆர்-ரெடி’ என்ற சிறு சைகை அனுப்பும். அது வழியில் சிதைந்தால், மீட்பு வசதி இயங்காத இணைப்பில் ஒரு கிரெடிட் போனது போனதுதான். கிரெடிட் குறையக் குறைய போர்ட் திணறும். காத்துக் கிடக்கும் ஃப்ரேம்களை ஸ்விட்ச் கைவிடும். கேபிளைக் கழற்றி மாட்டினால் இணைப்பு புதிதாகத் தொடங்கி, கிரெடிட் முழுதும் திரும்பிவிடும். பழைய கேபிளையே மாட்டினாலும் இதே பலன்தான்! பெயர் மட்டும் புதுக் கேபிளுக்குப் போகிறது.

அடுத்த பிழை அவசரம். சராசரியாக 3 நாளுக்கு ஒருமுறை ஒழுங்கின்றி வரும் கோளாறு, எதையும் தொடாமலே 3 நாள் வராமலிருக்க 37 சதவீத வாய்ப்புண்டு. அதை 5 சதவீதமாக்க 9 நாள் காத்திருக்க வேண்டும். மறுநாளே டிக்கெட்டை மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்விட்சின் பிழைக் கவுண்டரைப் படிப்பதற்கும் நிதானம் வேண்டும். பிராக்கேட் ஸ்விட்ச் ஃப்ரேமை முழுதும் வாங்குமுன்பே அடுத்த போர்ட்டுக்குத் தள்ளுவதால், கெட்ட ஃப்ரேம் போகும் வழியெல்லாம் சிஆர்சி எனும் சரிபார்ப்புப் பிழையின் எண்ணிக்கை ஏறும். முதலில் கண்டுபிடிக்கும் போர்ட் அதன் வாலில் ‘செல்லாது’ என முத்திரை வைத்துவிடும். முத்திரையின்றி வந்த கெட்ட ஃப்ரேம்களை இந்த ஸ்விட்ச்கள் ‘சிஆர்சி ஜி_இஓஎஃப்’ என்று தனியே எண்ணுகின்றன. அந்த எண் ஏறும் போர்ட்டுக்குள் வரும் இணைப்பில்தான் தேட வேண்டும்.

மாற்றுவதைக் கைவிடச் சொல்லவில்லை. கவுண்டரைப் பூஜ்யமாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றலாம். கழற்றிய எஸ்எஃப்பியைக் குப்பையில் போடாமல் முக்கியமில்லாத போர்ட்டில் மாட்டிவைத்தால், பிழை அதன் கூடவே போகிறதா என்று பார்த்துவிடலாம்.