மாலையும் வலையும்: விலைப்பட்ட சிறுமியும் தமிழிலக்கியச் சொல்லாட்சியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயிற்றுங்கால் நாம் அரங்கினையே பெரிதும் அளந்து காட்டுகின்றோம். எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்னும் அளவுகளும், ஆடலாசான் முதலியோர் அமைதியும், அடியார்க்குநல்லாரின் உரைவிரிவும் வகுப்பிற்குரிய காலம் முழுவதையும் கொண்டுவிடுகின்றன. அவ்வரங்கில் ஏறியவளின் அகவையோ ஒரு நொடியிற் கடந்து செல்லும் செய்தியாகின்றது. பல்லாண்டு இக்காதையைக் கற்பித்த யானும் இப்பிழைக்குப் புறம்பானவன் அல்லேன்.

சிறாரைப் பாலியல் தொழிலுக்கு விற்றலும் வாங்கலும் இன்று பெருங்குற்றங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 அகவை நிரம்பாதார் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கின்றது. சட்டம் இங்ஙனம் தெளிவுற நிற்பவும், மக்கள் உள்ளத்தில் அத்தெளிவு முற்றும் பரவிற்றில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்று நம் சொல்லாட்சியே என்பது இக்கட்டுரையின் துணிபு. விலைப்பட்ட சிறுமியை நம் இலக்கியம் எவ்வாறு சுட்டிற்று என்பதை மூன்று நூல்கள் வாயிலாகக் காண்போம்.

மாலையின் விலை

ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று, பன்னீராண்டு எய்திய நிலையில் மாதவி அரசன்முன் ஆடினாள் என்கிறார் இளங்கோவடிகள். எனவே, அவள் பயிற்சி தொடங்கியது ஐந்தாம் அகவையில் என்பது தானே போதரும். தலைக்கோல் பட்டத்தோடு அவள் பெற்ற மாலையின் விலை 1008 கழஞ்சு பொன். நகரத்துச் செல்வ இளைஞர் உலவும் தெருவில் அம்மாலையைக் கையிற்கொடுத்துக் கூனி ஒருத்தி நிறுத்தப்படுகின்றாள். மாலையை வாங்குவோன் மாதவிக்குரிய கணவனாவான் என்பது அறிவிப்பு. கோவலன் வாங்கினான், கூனியோடு மாதவி மனை புக்கான்.

இந்நிகழ்ச்சியை அழகுணர்ச்சியை நீக்கி நோக்குவோமாயின், விலை உண்டு, இடையாள் உண்டு, விற்குமிடம் உண்டு, வாங்குவோன் உண்டு. பன்னீராண்டுச் சிறுமியின் விருப்பம் யாண்டும் வினவப்படவில்லை. அடிகளோ, கூனி மாலையை விற்பாரைப் போல நின்றாள் என்னும் கருத்துப்பட உரைக்கின்றார். விற்பனையை உவமையாக்கும் அந்தச் சொல்லே விற்பனையை மென்மையாக மூடிவிடுகின்றது. மாலை விலையாயிற்று என்று நாம் படிக்கின்றோம். மாதவி விலையாயினாள் என்று படிப்பதில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். கண்ணகிக்கும் மணநாளில் அகவை பன்னிரண்டே; கோவலனுக்குப் பதினாறே. பண்டை வாழ்க்கையை இற்றைச் சட்டத்தால் அளத்தல் முறையோ எனின், அகவை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளின் முறையன்று. ஆனால், கண்ணகிக்கு எவரும் தெருவில் விலை கூறினாரல்லர். வேறுபாடு அகவையில் அன்று, வாணிகத்தில் உள்ளது. மேலும், இவ்வாணிகத்தின்மீது தீர்ப்புக் கூறுவதற்கு நாம் இக்காலச் சட்டத்தைத் தேடிச் செல்லவும் வேண்டுவதில்லை. மாதவியே அத்தீர்ப்பைக் கூறியிருக்கின்றாள்.

மறுப்பின் குரல்

கோவலன் இறந்தமை கேட்ட மாதவி, தன் மகள் மணிமேகலை கணிகையர் கோலம் காணாதொழிக எனத் தன் தாயிடம் உரைத்த செய்தியை நீர்ப்படைக் காதை தருகின்றது. மணிமேகலைக் காப்பியம் அம்மறுப்பையே தன் கதைக்கு வித்தாகக் கொள்கின்றது. இந்திர விழாவில் மகளொடு வந்து ஆடுமாறு சித்திராபதி வயந்தமாலையை விடுக்க, மணிமேகலையைக் கண்ணகியின் மகளென்றே கூறி, அத்தீத்தொழிலில் அவள் படாள் என்று மாதவி மறுக்கின்றாள். ஐந்தாம் அகவை முதல் பழக்கப்பட்டவள், தன் மகள் அவ்வழியிற் புகாது தடுக்கின்றாள். பட்டறிந்தவளின் சான்றினும் வலிய சான்று வேறென்ன உண்டு?

சித்திராபதியின் நிலையும் ஆராயத்தக்கது. உதயகுமரனைத் தூண்டி, மணிமேகலையை அவன் தேரில் ஏற்றுவிப்பேன் என அவள் சூளுரைக்கின்றாள். தவறின், தலையிற் செங்கல் சுமந்து அரங்கைச் சூழ்ந்துவரும் இழிவை ஏற்பேன் என்கின்றாள். மரபை மீறிய கணிகைக்குக் குழுவினர் விதித்த தண்டம் அது. எனவே, சித்திராபதி தன்னலத்தால் மட்டும் இயங்கும் கொடியள் அல்லள். அவளும் அக்கட்டினுள் அகப்பட்டவளே. அவளைப் பழித்தமையும் நாம், அவளுக்கு அத்தொழிலை வகுத்த நகரத்தையும் பொன் கொடுத்த கைகளையும் பழித்திலோம்.

வலையும் மைனரும்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம் தேவதாசி முறையை ஒழித்தற்கு எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சட்டமன்றத்தில் முன்வைத்த முயற்சி 1947இல் சட்டமாக நிறைவேறியதற்கு இடையே, இந்நூல் மக்களிடையே கருத்தைப் பரப்பிற்று. சொற்பொழிவுகள் மிக்கதெனினும், அவ்வாழ்க்கையிலிருந்து வெளிவந்த பெண்டிரே ஒழிப்புக்கு உழைப்பதாகக் காட்டியது இதன் தனிச்சிறப்பு.

ஆயினும் தலைப்பை நோக்குக. வலை வீசுவோர் தாசிகள். அகப்பட்டு மதி பெறுபவன் மைனர். ‘மைனர்’ என்பது ஆங்கிலச் சட்டத்தில் உரிய அகவை நிரம்பாதாரைக் குறிக்கும் சொல். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 372, 373ஆம் பிரிவுகள் பரத்தமைக்கு விற்கப்படும் சிறாரைச் சுட்டியதும் இச்சொல்லாலேயே. தமிழ் வழக்கிலோ அது செல்வச் செருக்குடன் திரியும் ஆடவனுக்குப் பெயராயிற்று. விற்கப்படுபவளைக் காத்தற்கு அமைந்த சொல்லை வாங்குவோன் தனதாக்கிக் கொண்டான். ஒரு சொல்லின் பொருட்திரிபு இதனினும் கொடிதாக அமைதல் அரிது.

இதனை ஆசிரியரின் குறையெனக் கொள்ளற்க. அவர் மக்களிடை வழங்கிய சொல்லைக் கொண்டே மக்களிடம் பேசினார். ஆனால், அந்நூலின் நடுவிடத்தில் நின்றிருக்க வேண்டிய சிறுமியை நாம் ஆசிரியரின் வாழ்க்கையிற் காண்கின்றோம். ஐந்து அகவையில் வறுமையின் காரணமாகப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் அவர் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டார் என வரலாறு எழுதினோர் குறிப்பர். மாதவி பயிற்சிக்குச் சென்ற அகவையும் அதுவே. 1008 கழஞ்சுக்கும் பத்து ரூபாய்க்கும் விலையில் வேற்றுமை உண்டு, வினையில் இல்லை.

முடிபு

இன்றும் செய்தித்தாள்கள், மீட்கப்பட்ட பெண்டிரை ‘அழகிகள்’ என்று தலைப்பிட்டு எழுதக் காண்கின்றோம். அவருட் பள்ளிச் சிறுமி ஒருத்தி இருப்பினும் அச்சொல் அவளையும் விழுங்கிவிடுகின்றது. வாங்கியவனுக்கோ அத்தலைப்பில் இடமேயில்லை. பழைய மாலையின் அழகும் பழைய வலையின் பழியும் இவ்வொரு சொல்லில் ஒருங்கே வாழ்கின்றன. பொதுமக்களை விழிப்புறச் செய்வோர் முதலில் திருத்த வேண்டுவது இதனையே.

சட்டம் தன் சொல்லைத் திருத்திக்கொண்டது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 98, 99ஆம் பிரிவுகள் ‘மைனர்’ என்பதை விடுத்துக் ‘குழந்தை’ என்னும் பொருள்படும் சொல்லை ஆள்கின்றன. திறனாய்வும் அவ்வாறே செய்தல் வேண்டும். அரங்கேற்று காதையை இனிப் பயிற்றுவோர், அரங்கின் அளவைக் கூறுவதற்கு முன் ஆடியவளின் அகவையைக் கூறுவாராக. மாலையை வாங்கினான் என்னுமிடத்து, யாரை வாங்கினான் என்று மாணவரை வினவுவாராக. காப்பியத்தின் சுவை இதனாற் குறையாது. மாதவியின் மறுப்பு எத்துணைப் பெரிது என்பது அப்பொழுதுதான் விளங்கும்.