இரவல் பாட்டு

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் இறுதியில் கொடியேறி டிசம்பர் 3-இல் நிறைவெய்தும். அதன்பின் வேறு திருவிழாக்கள், அம்மன் கொடைகள் என்று எங்கள் நாஞ்சில் நாட்டில் மெல்லிசைக் குழுக்களுக்கு மேடைப் பஞ்சம் ஏற்படுவதில்லை. ‘அப்படியே ரிக்கார்டு மாதிரி’ என்று பெயர் வாங்குவதே இக்குழுக்களின் பரம லட்சியம். இளையராஜா பாட்டொன்றில் சரணத்துக்கு முன் வரும் குழலோசையைக் கீபோர்டில் வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டால், கடைசி வரிசையில் கடலைப் பொட்டலத்தோடு நிற்பவருக்கும் அது தெரிந்துவிடும். உடனே சீட்டியொலி கிளம்பும். ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி வாசித்ததை நாலைந்து பேர் நின்று ஒப்பேற்றுவது சாமானிய வித்தையன்று. ஆனால் அங்கே பாடகன் தன் குரலை ஒளித்துவைத்தால்தான் கைதட்டல் கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிரான மார்க்கத்தில் செல்பவர்கள், அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்து ஹோபோகன் நகரில் 1984-இல் தோன்றிய ‘யோ லா டெங்கோ’ குழுவினர். மின்கிதாரின் இரைச்சலைக் கார்த்திகை மாதத்துக் கடலைப்போல் எழுப்புவதில் பேர்போன இவர்கள், 1990-இல் பெரும்பாலும் பிறர் பாடல்களையே கொண்டு ‘ஃபேக்புக்’ என்னும் அடக்கமான தொகுப்பை வெளியிட்டார்கள். மேடை வாசிப்புக்காரர்கள் அவசரத்துக்குப் புரட்டும் மெட்டுக் குறிப்புப் புத்தகத்துக்கு அங்கே வழங்கும் பெயர் அது. கால் நூற்றாண்டு கழிந்து, 2015-இல், பழைய கிதார்க்காரரான டேவ் ஷ்ராமை மறுபடி அழைத்துக்கொண்டு, ‘ஸ்டஃப் லைக் தட் தேர்’ என்ற தொகுப்பில் அதே முயற்சியை மேற்கொண்டார்கள்.

அதிலே, இங்கிலாந்துக் குழுவான ‘தி க்யூர்’ 1992-இல் துள்ளலாகப் பாடிப் பிரசித்தமாக்கிய வெள்ளிக்கிழமைக் காதற்பாட்டு ஒன்று வருகிறது. மூலத்தில் கிதார்களின் குதூகலத்தில் சொற்கள் அடிபட்டுப் போயின. இங்கே குழுவின் பாடகி ஜார்ஜியா ஹப்ளி அடுத்த அறையில் குழந்தை உறங்குவதுபோல் குரலைத் தாழ்த்திப் பாட, நின்று வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியம் ஒவ்வோர் அடியாக உடன்வர, மற்ற நாட்களின் சோர்வெல்லாம் அந்த ஒரு நாளின் மகிழ்ச்சிக்கு அடியில் கிடப்பது முதல் முறையாகக் காதில் விழுகிறது. அலங்காரம் களைந்த திருமேனியைக் காண்பதில் ஒரு தரிசனம் உண்டல்லவா, அத்தகையது இது.

எனினும் குறையைச் சொல்லாமல் விடுவது விமர்சன தர்மமாகாது. கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ஏகாந்த சோகத்துக்கும், சன் ரா என்னும் ஜாஸ் மேதையின் விளையாட்டுக் காதலுக்கும் ஒரே மங்கல் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், நாலைந்து பாட்டுக்குப்பின் மென்மை என்பது ஒரு பாவமாக இல்லாமல் வெறும் பழக்கமாகிவிடுகிறது. மேலும், அபூர்வமான பாட்டுகளைத் தேடி எடுத்த ரசிகத்தன்மையே படைப்பாற்றலின் ஸ்தானத்தில் உட்கார்ந்துகொள்ளும் அபாயமும் இதில் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இந்த வழக்கம் புதிதன்று. கர்நாடக சங்கீதக் கச்சேரியே பெரும்பாலும் பிறர் சாகித்தியத்தைப் பாடுவதுதான். ஆயினும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கும் அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகளுக்கும் புதிய வர்ணமெட்டு அமைத்தபோது ஒவ்வொன்றின் குணத்துக்கும் ஒரு ராகம் தேடினாரேயன்றி, எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் முடக்கிப் போடவில்லை.

யோ லா டெங்கோவுக்கு அப்படிப் பாட்டின் குணத்துக்கேற்ப மாற்றியமைக்கும் தைரியம் வாய்ப்பது தங்கள் சொந்தப் பாட்டைத் தாங்களே மறுபடி பாடும்போதுதான் என்பது என் அபிப்பிராயம். 1997-இல் இரைச்சலில் மூழ்கடித்து வைத்த ‘டீப்பர் இன்டு மூவீஸ்’ இத்தொகுப்பில் கரையேறி நிற்கிறது. பிறர் சொத்தில் காட்டும் மரியாதைத் தயக்கம் அதில் சிறிதும் இல்லை.

ஒரு கொடை முடிந்த இரவில் பந்தற்காரர்கள் குழல்விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருக்க, ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டுச் சீட்டியடி வாங்கிய ஒரு கீபோர்டுக்காரர் அதே பாட்டைப் பாதி வேகத்தில், ஒற்றை விரலால், தமக்காக வாசித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டதுண்டு. விட்டுப்போன ஸ்வரத்தை அப்போதும் அவர் வாசிக்கவில்லை.